ஒரு எஞ்சினுக்கு எவ்வளவு குறை வேண்டும்?

2015 ஏப்ரலுக்கு முன்பு ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கணிப்பொறி விளையாட்டை ஆடிய எல்லாருக்கும் ஒரு விநோதம் பழகிப்போயிருந்தது. ராக்கெட்டின் உச்சியில் கூரான மூக்குக் கூம்பைப் பொருத்தினால் ராக்கெட் மந்தமாகும். கூம்பைக் கழற்றிவிட்டு, டேங்கின் தட்டையான தலையோடு கிளப்பினால் இன்னும் உயரம் எட்டும். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கூம்பு அழகாக வரையப்பட்டிருந்தது, கச்சிதமாகப் பொருந்தவும் செய்தது. ஆனால் அதுவரை அந்த விளையாட்டு காற்றுத்தடையை வடிவத்தைப் பார்த்துக் கணக்கிடவில்லை. பாகத்தின் எடையை ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிட்டது. கூம்பு வைத்தால் எடை கூடும். எடை கூடினால் தடையும் கூடும். அது கூராக இருப்பது கணக்கில் எங்குமே வரவில்லை.

விண்கலம் கட்டும் விளையாட்டில் ஒரு புதிய பாகத்தைச் சேர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை இந்தக் கூம்பே சொல்லிவிடும். திரையில் தெரியும் உருவத்தை வரைவது ஒரு வேலை. அந்த உருவத்துக்குப் பின்னால் நிற்கும் எண்களை நேர்மையாக அமைப்பது வேறு வேலை. ராக்கெட் பறப்பதும் விழுவதும் இரண்டாவதைப் பொறுத்தது.

மெக்சிகோ நகரத்தில் விளம்பர வேலைகள் செய்துவந்த ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர் பிரேசில்காரரான ஃபெலிப்பே ஃபலாங்கே. அவர் தொடங்கிய இந்த விளையாட்டின் முதல் பொதுப் பதிப்பு 2011 ஜூன் 24 அன்று வெளிவந்தது. கெர்பின் என்ற கற்பனைக் கோளில் வாழும் பச்சைத் தோல் குள்ளர்கள் விண்வெளிக்குப் போகத் துடிக்கிறார்கள். டேங்க், எஞ்சின், பாராசூட், பயணிக் கூண்டு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ராக்கெட் கட்டித் தருவது ஆடுபவரின் பொறுப்பு. முதல் பதிப்பில் இருந்த பாகங்கள் மிகச் சில. சுற்றிப் பார்க்க நிலாகூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பாகத்தின் விவரமும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதப்பட்டு, யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தும்படி கிடந்தது. ரசிகர்கள் அதைக் கவனிக்க அதிக நாள் ஆகவில்லை. தாங்களே டேங்க்கும் எஞ்சினும் இறக்கையும் செய்யத் தொடங்கினார்கள். இப்படி ரசிகர்கள் செய்து சேர்ப்பவற்றுக்கு ‘மாட்’ என்று பெயர்.

அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் பயமுறுத்தும் புரோகிராமிங் எதுவும் இருக்காது. வரிக்கு ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஓர் எண். ‘எஃப்எல்-டி400’ என்ற நடுத்தர எரிபொருள் டேங்க்கை எடுத்துக்கொள்ளலாம். காலி எடை 0.25 டன். விலை 500. உள்ளே திரவ எரிபொருள் 180 அலகு, அதை எரிக்க ஆக்சிஜனேற்றி 220 அலகு. ஓர் அலகின் எடை 5 கிலோ என்பது வேறொரு ஃபைலில் இருக்கிறது. ஆக நிரப்பினால் 2 டன் எரிபொருள், டேங்க்கோடு சேர்த்து 2.25 டன். எத்தனை டிகிரி சூட்டில் வெடிக்கும், எந்த வேகத்தில் மோதினால் உடையும், ஆராய்ச்சி மரத்தின் எந்தக் கிளையில் கைக்கு வரும் என்பவை எல்லாம் அடுத்தடுத்த வரிகள். எஞ்சின் என்றால் உந்துவிசை, எரிபொருள் விகிதம், காற்றழுத்தத்துக்கு ஏற்பத் திறன் மாறும் வளைகோடு ஆகியவை சேரும். உருவத்தை பிளெண்டர் போன்ற மென்பொருளில் செய்து, யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் வழியாக விளையாட்டுக்கு ஏற்ற வடிவில் மாற்றி, ஃபைலில் அதன் முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த முறை விளையாட்டைத் திறக்கும்போது, கட்டுமானக் கூடத்தின் பட்டியலில் புதிய பாகம் வந்து உட்கார்ந்திருக்கும்.

பட்டியலில் வருவது எளிது. மற்ற பாகங்களோடு ஒட்டுவதில்தான் சிக்கல் ஆரம்பம்.

பாகங்கள் டிபன் கேரியரின் அடுக்குகள்போல மேலும் கீழும் பொருந்துவதற்கு ஒவ்வொன்றிலும் இணைப்புப் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கு முதல் மூன்று எண்கள் இடத்தைச் சொல்லும். அடுத்த மூன்று, அது எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதைச் சொல்லும். கடைசி எண் அளவு. நடுவில் ஓர் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போனால் எஞ்சின் தலைகீழாக, நாசில் மேலே பார்த்தபடி ஒட்டிக்கொள்ளும். புள்ளி சில சென்டிமீட்டர் விலகினால் இரண்டு டேங்க்குகளுக்கு நடுவே வானம் தெரியும் இடைவெளி விழும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கெர்பலில் ஒரு கலம் மரத்தைப்போலக் கிளை பிரிந்து வளர்வது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே ஒரு தாய்ப் பாகம்தான். அதனால் சாதாரணப் பாகங்களை வைத்து வட்டமாகச் சுற்றிவந்து கடைசி முனையை முதல் முனையோடு மூட முடியாது. சக்கர வடிவ விண்வெளி நிலையம் கட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். ஸ்ட்ரட் எனப்படும் முட்டுக்கம்பிகளைக் கொண்டோ, டாக்கிங் வாயில்களைக் கொண்டோதான் சமாளிக்க வேண்டும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத உடல். திரையில் தெரியும் உருவத்தில் ஆணியும் விளிம்பும் குழாயும் நிறைய இருக்கும். அத்தனையையும் மோதல் கணக்குக்குள் இழுத்தால் கணிப்பொறி திணறிப்போகும். எனவே பாகத்துக்குள் ‘கொலைடர்’ என்ற எளிய வடிவம் ஒன்றை மறைத்து வைப்பார்கள். தரையைத் தொடுவதும் மோதுவதும் அந்த வடிவம்தான். அது குழிவில்லாத, வெளிப்பக்கம் புடைத்த வடிவமாக இருக்க வேண்டும். டேங்க்குக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் உள்ளே வண்டியை ஏற்றிச்செல்லும் சரக்குப் பெட்டிக்கு உட்பக்கம் காலியாக இருந்தாக வேண்டுமே! பெட்டி முழுவதற்கும் ஒரே கொலைடரைப் போட்டுவிட்டால், கண்ணுக்குக் காலியாகத் தெரியும் இடம் கணக்கில் திண்மமாகிவிடும். உள்ளே நிறுத்திய வண்டி ஏவுதளத்துக்கு வந்த நொடியில் தெறித்துப் போகும். சுவருக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று பல துண்டுகளாக வைத்து அந்த வெற்றிடத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மூக்குக் கூம்பின் பிரச்சினை 2015 ஏப்ரல் 27 அன்று வெளியான 1.0 பதிப்பில் தீர்ந்தது. அதைத் தீர்த்த விதம் அழகானது. விளையாட்டு ஒவ்வொரு பாகத்தையும் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என ஆறு திசைகளிலிருந்தும் தானே படம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு பரப்பு காற்றில் படும், முகப்பு எவ்வளவு கூராக இருக்கிறது என்று கணக்கிட்டு, ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கான எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு பாகத்தின் அடியில் இன்னொரு பாகம் ஒட்டினால் மறைந்த முகத்துக்குத் தடை குறைந்துவிடும். புதிதாகச் சேர்க்கும் ரசிகர்களின் பாகங்களுக்கும் இதே சோதனை நடக்கிறது. கூம்பு செய்தவர் கூம்பு என்று எழுதிவைத்தால் போதாது. ஆறு படங்களிலும் அது கூம்பாகத் தேற வேண்டும். அதிகாரபூர்வமாக இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பே, உண்மையான காற்றியக்கக் கணக்கை ‘ஃபெர்ரம் ஏரோஸ்பேஸ் ரிசர்ச்’ என்ற மாட் மூலம் ரசிகர்கள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தனையும் கைத்திறன். படித்தால், பழகினால் வந்துவிடும். ஒரு பாகம் நல்ல பாகமா கெட்ட பாகமா என்பதைத் தீர்மானிப்பது இதற்கு அப்புறம் வரும் ஒரு கேள்வி: இந்தப் பாகத்தால் எதைச் செய்ய முடியக்கூடாது?

விளையாட்டில் ஏற்கெனவே உள்ள இரண்டு எஞ்சின்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். ‘ரிலையன்ட்’ எஞ்சினின் எடை 1.25 டன். வெற்றிடத்தில் 240 கிலோநியூட்டன் உந்துவிசை. எரிபொருள் சிக்கனத்தை ராக்கெட்காரர்கள் ஐ.எஸ்.பி. என்ற அளவால் குறிப்பார்கள். விநாடியில் சொல்லப்படும் அந்த எண் உயர உயர, அதே எரிபொருளில் கிடைக்கும் வேகம் கூடும். ரிலையன்ட்டுக்கு அது வெற்றிடத்தில் 310, தரைமட்டத்தில் 265. ‘டெரியர்’ எஞ்சின் அரை டன்தான். உந்துவிசை வெறும் 60 கிலோநியூட்டன். ஆனால் ஐ.எஸ்.பி. வெற்றிடத்தில் 345, தரைமட்டத்தில் அது 85-க்கு விழுந்துவிடும்.

இப்போது ஒரு டன் சரக்கு, ஓர் எஃப்எல்-டி400 டேங்க், அடியில் ஓர் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். டெரியரைப் பொருத்தினால், எரிபொருள் தீரும்வரை விண்வெளியில் இந்தக் கலத்தால் நொடிக்குச் சுமார் 2,580 மீட்டர் வேகமாற்றம் பெற முடியும். ரிலையன்ட் என்றால் சுமார் 1,790 மீட்டர்தான். இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதிக்கு எஞ்சினின் கூடுதல் எடையே காரணம். அப்படியானால் டெரியர்தான் சிறந்ததா? அதே கலத்தை ஏவுதளத்தில் நிறுத்தினால் கதை மாறிவிடும். டெரியர் பூட்டிய கலத்தைத் தூக்கக் குறைந்தது 37 கிலோநியூட்டன் விசை வேண்டும். அடர்ந்த காற்றில் டெரியரால் 15-க்கு மேல் தர முடியாது. எரிபொருள் எரியும், புகை வரும், கலம் இருந்த இடத்தை விட்டு நகராது. ரிலையன்ட்டோ 44 கிலோநியூட்டன் எடையை 205 கிலோநியூட்டன் விசையால் அநாயாசமாகத் தூக்கிப் போய்விடும். நிஜ ராக்கெட்டுகளிலும் இதுதான் நடைமுறை. வெற்றிடத்துக்கென்று செய்த எஞ்சினுக்கு நாசில் அகலமாக விரிந்திருக்கும். தரைமட்டக் காற்றழுத்தத்தில் அதுவே அதற்கு எமன்.

ஒன்றால் முடியாததை இன்னொன்று செய்கிறது. அதனால்தான் ஆடுபவர் யோசிக்கிறார், ராக்கெட்டை அடுக்குகளாகப் பிரிக்கிறார், எந்த இடத்தில் எதைப் பூட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார். இந்த நிலையில் ஆர்வக்கோளாறில் ஒருவர் அரை டன் எடை, 240 கிலோநியூட்டன், எந்த உயரத்திலும் ஐ.எஸ்.பி. 345 என்று ஒரு ‘சூப்பர் எஞ்சின்’ செய்து சேர்த்தால் என்ன ஆகும்? அன்றோடு டெரியரையும் ரிலையன்ட்டையும் யாரும் தொடமாட்டார்கள். பட்டியலில் ஒரு பாகம் கூடியிருக்கும். விளையாட்டில் இரண்டு பாகங்கள் செத்திருக்கும்.

இந்தத் தவறு ரசிகர்களுக்கு மட்டும் உரியதல்ல. ‘48-7எஸ்’ என்ற குட்டி எஞ்சினை ஸ்குவாட்டே ஒருகாலத்தில் இப்படித்தான் விட்டிருந்தது. 100 கிலோ எடைக்கு 30 கிலோநியூட்டன் உந்துவிசை. அப்போது கெட்டிக்காரர்கள் பெரிய எஞ்சின்களை மூலையில் போட்டுவிட்டு, இந்தக் குட்டிகளைக் கொத்துக்கொத்தாக ஒட்டி ராக்கெட் கட்டினார்கள். எண்களின்படி அதுவே புத்திசாலித்தனம். பார்ப்பதற்குத்தான் ராக்கெட்டின் அடிப்பாகம் தேன்கூடாகிப் போனது. பின்னால் வந்த பதிப்புகளில் அதன் எடை 130 கிலோவாகக் கூட்டப்பட்டது, உந்துவிசை 20 ஆகக் குறைக்கப்பட்டது. கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் அந்தக் குறைப்பு சரியான முடிவு. அதற்குப் பிறகுதான் அந்த எஞ்சின் சிறிய இறங்குகலங்களுக்கான எஞ்சின் என்ற தன் சொந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

நிஜ ராக்கெட்டின் எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் நேர்மையாகிவிடாதா என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. ஆகாது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். கெர்பினுடையது 600 மட்டுமே. கெர்பினைச் சுற்றும் பாதையை எட்ட நொடிக்குச் சுமார் 3,400 மீட்டர் வேகமாற்றம் போதும். பூமிக்கு 9,000-க்கு மேல் வேண்டும். இவ்வளவு சின்னக் கோளில் நிஜ ராக்கெட் பறந்தால் எதுவுமே சவாலாக இருக்காது. அதற்காகவே கெர்பல் பாகங்களை வேண்டுமென்றே கனமாகச் செய்திருக்கிறார்கள். எஃப்எல்-டி வரிசை டேங்க்குகள் எல்லாவற்றிலும் காலி எடையைப் போல எட்டு மடங்குதான் எரிபொருள். நிஜ ராக்கெட் டேங்க்குகள் இதைவிட எவ்வளவோ மெல்லியவை. அப்பல்லோ கலத்தின் பயணிக் கூண்டு 3.9 மீட்டர் விட்டம் கொண்டது. கெர்பலில் அதற்கு ஈடான மூவர் கூண்டு 2.5 மீட்டர், அதாவது சுமார் 64 சதவீதம். நிஜ ராக்கெட்டுகளை நகலெடுக்கும் ரசிகர்களில் பலர் இந்த 64 சதவீதத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். நிஜ எண்களேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ‘ரியலிசம் ஓவர்ஹால்’ என்ற தொகுப்பு இருக்கிறது. அது பாகங்களின் எண்களை நிஜத்துக்கு ஏற்ப மாற்றும். கூடவே சூரியக் குடும்பத்தையும் நிஜ அளவுக்கு மாற்றும் மாட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாகத்தை மாற்றினால் கோளையும் மாற்றியாக வேண்டியிருக்கிறது!

ரசிகர்கள் செய்தது விளையாட்டுக்குள்ளேயே குடியேறிய வரலாறும் பெரியது. விண்விமான இறக்கைகளை ரசிகராகச் செய்துகொண்டிருந்த ஒருவரை ஸ்குவாட் வேலைக்கே எடுத்துக்கொண்டது. விளையாட்டில் ‘சி7 ஏரோஸ்பேஸ்’ என்ற கற்பனை உற்பத்தியாளர் பெயர் வந்த வழி அதுதான். 2014 அக்டோபரில் வந்த 0.25 பதிப்பில் ‘ஸ்பேஸ்பிளேன் பிளஸ்’ என்ற ரசிகர் தொகுப்பின் பாகங்கள் பழைய விண்விமான பாகங்களின் இடத்தைப் பிடித்தன. கோள்களின் மண்ணிலிருந்து எரிபொருள் எடுக்கும் வேலையும் மாட் உலகில் முளைத்துத்தான் 1.0 பதிப்புக்கு வந்தது.

விண்வெளி நிறுவனங்களும் கை கொடுத்தன. 2014 ஏப்ரலில் நாசாவின் ஒத்துழைப்போடு வந்த தொகுப்பு, சிறுகோளைக் கவ்விப் பிடிக்கும் நகம்போன்ற கருவியையும் 3.75 மீட்டர் விட்டமுள்ள பெரிய டேங்க், எஞ்சின்களையும் தந்தது. 2020 ஜூலையில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட 1.10 பதிப்பில் வால்நட்சத்திரங்கள் வந்தன. ரோசெட்டா, பெபிகொலம்போ பயணங்களைத் தழுவிய திட்டங்களும் வந்தன.

பெரிய பாகம் என்றாலே பிரம்மாண்டத்துக்கான ஆசை என்று நினைத்துவிடக்கூடாது. கெர்பலில் ஒவ்வொரு பாகமும் தனி உடல். பாகங்களுக்கு இடையேயான ஒவ்வொரு இணைப்பையும் கணிப்பொறி நொடிக்குப் பலமுறை கணக்கிட வேண்டும். சின்ன டேங்க்குகளை நூற்றுக்கணக்கில் ஒட்டிய ராக்கெட் ஏவுதளத்திலேயே வாழைத்தண்டாய் வளையும். திரையின் மூலையில் பச்சையாக இருக்கும் பயணக் கடிகாரம் மஞ்சளாகும்; நிலைமை முற்றினால் சிவப்பாகும். விளையாட்டின் ஒரு நொடி ஓட நிஜத்தில் பல நொடிகள் ஆகும். ஒரு பெரிய டேங்க் பல சின்ன டேங்க்குகளின் இடத்தைப் பிடிக்கும்போது அந்த இணைப்புகள் அத்தனையும் கணக்கிலிருந்து ஒழிகின்றன.

ஆனால் பாகங்கள் பெருகுவதற்கும் ஒரு விலை உண்டு. விளையாட்டைத் திறந்ததும், பயன்படுத்துகிறோமோ இல்லையோ, நிறுவியிருக்கும் எல்லாப் பாகங்களும் நினைவகத்தில் ஏறிவிடும். 2016-ல் வந்த 1.1 பதிப்புக்கு முன்பு பெரும்பாலோர் ஓட்டியது 32 பிட் வடிவம், 4 ஜி.பி.க்கு மேல் அதற்கு எட்டாது. ஆசை ஆசையாய் மாட்களைக் குவித்தவர்களுக்கு விளையாட்டு பாதியில் நின்றுபோனது. அதனால் பொறுப்பான மாட் ஆசிரியர்கள் ஒரே படத்தைப் பத்துப் பாகங்களுக்குப் பங்கிட்டு ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் தோள்மேல் இன்னொரு பொறுப்பும் உண்டு. சேமித்த கலத்தின் ஃபைலில் பாகங்கள் பெயரால்தான் குறிக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒரு பாகத்தின் உட்பெயரை மாற்றினாலோ, பட்டியலிலிருந்து நீக்கினாலோ, எங்கோ ஒருவர் வாரக்கணக்கில் கட்டிச் சுற்றுப்பாதையில் நிறுத்திய நிலையம் அடுத்த முறை திறக்காது. ஸ்குவாட் தன் பழைய பாகங்களுக்குப் புது உருவம் கொடுத்தபோது பழையவற்றை அழிக்காமல் பட்டியலிலிருந்து மறைத்து மட்டும் வைத்தது இந்தக் காரணத்தால்தான். பழைய ராக்கெட்டுகள் பழைய பாகங்களோடே தொடர்ந்து பறந்தன.

விளையாட்டின் உரிமையை 2017-ல் டேக்-டூ நிறுவனம் வாங்கியது. 2021 ஜூனில் வந்த 1.12-தான் முதல் கெர்பலின் கடைசிப் பெரிய பதிப்பு. 2023 பிப்ரவரியில் முன்னோட்டமாக வெளிவந்த இரண்டாம் கெர்பலின் வளர்ச்சி 2024-ல் நின்றுபோனது. முதல் கெர்பலுக்கோ ரசிகர்கள் இன்னமும் புதிய பாகங்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். எந்த மாட்டுக்கு எந்த மாட் துணை வேண்டும் என்று பார்த்து நிறுவித் தரும் சிகேஏஎன் என்ற மென்பொருளும், மூல ஃபைலைத் தொடாமலே எண்களை மாற்ற உதவும் ‘மாட்யூல் மேனேஜர்’ என்ற துணைக்கருவியும்கூட ரசிகர்கள் செய்தவையே.

முதல் பாகத்தைச் செய்து பார்க்க முப்பரிமாண வரைகலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. எஃப்எல்-டி400-இன் டெக்ஸ்ட் ஃபைலைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து, உட்பெயரை மாற்றி, பழைய உருவத்தையே சுட்டி, அளவை மட்டும் இரட்டிப்பாக்கலாம். புதியவர்களில் பலர் இங்கே எரிபொருளையும் இரண்டால் பெருக்கிவிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுமே இரட்டிப்பானால் கொள்ளளவு எட்டு மடங்கு. 400 அலகு 3,200 ஆக வேண்டும், காலி எடை 0.25-லிருந்து 2 டன் ஆக வேண்டும். சரிபார்க்க வேறெங்கும் போக வேண்டாம். விளையாட்டிலேயே 2.5 மீட்டர் விட்டத்தில் ‘எக்ஸ்200-32’ என்று ஒரு டேங்க் இருக்கிறது. அதன் ஃபைலைத் திறந்தால் எரிபொருள் 1,440, ஆக்சிஜனேற்றி 1,760, காலி எடை 2 டன் என்று எழுதியிருக்கும்.